எண்ணெயோ நிலக்கரியோ இல்லாத இலங்கை தன் வலுசக்திப் பாதுகாப்பை எப்படி அளவிட்டுத் திட்டமிட வேண்டும்?

எண்ணெய், எரிவாயு, நிலக்கரி எதையும் உற்பத்தி செய்யாத இலங்கையால் வலுசக்திப் பாதுகாப்பைப் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியுமென்றால் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை நிரப்புவது, சூரிய மின்சக்திக்கு வேகமாக மாறுவது, இந்தியாவுடன் மின்வடம் இணைப்பது ஆகிய மூன்றில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது உங்கள் அடுத்த கேள்வி. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே அப்படியொரு நிலை மறுபடியும் வருமா, வருமென்றால் அதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் முறை ஏதும் உண்டா என்பதே உங்கள் அடிப்படைக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மின்முறைமைத் திட்டமிடலில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். மின்சாரம் பற்றி இங்கே சொல்பவை என் தொழிலிலிருந்து வருபவை. எண்ணெய்க் கொள்வனவு பற்றிச் சொல்பவற்றை அத்துறையை வெளியிலிருந்து பார்த்தவனின் கணிப்பாகவே கொள்ளுங்கள்.

வலுசக்தி தடையின்றியும் கட்டுப்படியாகும் விலையிலும் கிடைப்பதே வலுசக்திப் பாதுகாப்பு என்று சர்வதேச வலுசக்தி முகவரகம் வரையறுக்கிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்த பின்னர், 1974இல் அந்த முகவரகத்தை உருவாக்கியவை செல்வந்த இறக்குமதி நாடுகள். உறுப்பு நாடுகள் தமது நிகர எண்ணெய் இறக்குமதியில் 90 நாட்களுக்குச் சமமான கையிருப்பை வைத்திருக்க வேண்டும் என்ற விதி அந்த அனுபவத்தில் பிறந்தது. எண்ணெய் விற்க யாரும் முன்வராமல் போய்விடுவார்களோ என்பதுதான் அந்நாடுகளின் பயமாக இருந்தது. விற்கக் காத்திருப்பவரிடம் வாங்கப் பணம் இல்லாமல் போகும் நிலையை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நாம் அந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம்முடைய பலவீனத்தின் பெரும்பகுதி கணக்கில் வராமலே போகும். 2022இல் உலகச் சந்தையில் எண்ணெய் இருந்தது, கொழும்புக்கு அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்தும் நின்றன. கொடுப்பதற்கு டொலர் இருக்கவில்லை.

மதிப்பீட்டை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதிலேயே பல அறிக்கைகள் வழிதவறுகின்றன. எரிபொருள் வகைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் இறக்குமதி வீதத்தைக் கணக்கிட்டு, அந்த வீதம் குறைந்தால் பாதுகாப்புக் கூடியது என்று முடித்துவிடுகிறார்கள். மக்களுக்கு வேண்டிய சேவைகளிலிருந்து தொடங்குவதே சரியானது என்பது என் கருத்து. வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடம், குடிநீர் ஏற்றும் பம்பிகள், நெல் அறுவடை இயந்திரம், அடுப்பு, பாடசாலை பஸ் ஆகிய ஒவ்வொன்றும் எந்தச் சங்கிலியில் தொங்குகிறது, அது அறுந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கேட்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கு வலுசக்தி என்றால் மண்ணெண்ணெய்தான். 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. தேசிய மின்கட்டமைப்பின் புள்ளிவிபரங்களை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது அதில் தெரியாது. நாட்டின் முதன்மை வலுசக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகு முதலான உயிர்த்திணிவிலிருந்து வருகிறது. சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது கிராமத்து வீடுகளால் விறகுக்குத் திரும்ப முடிந்தது, கொழும்பின் தொடர்மாடிகளில் இருந்தவர்களால் முடியவில்லை. ஒரே தட்டுப்பாடு யாரை எவ்வளவு தாக்குகிறது என்பதை இப்படிப் பிரித்துப் பார்க்காத மதிப்பீடு அமைச்சுக்குப் பயன்படலாம், நாட்டுக்குப் போதாது.

உள்நாட்டு வளம் என்றாலே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் ஆராயப்பட வேண்டியது. 1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்னாக இருந்தது. காசல்றீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா எல்லாமே நம்முடையவை; எரிபொருளுக்கு வெளிநாட்டுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. 1996இல் மழை பொய்த்தது. நாடு நீண்ட மின்வெட்டுகளில் மூழ்கியது. அது முழுக்க முழுக்க உள்நாட்டு வளத்தில் தங்கியிருந்ததால் வந்த நெருக்கடி. நல்ல மழை பெய்த ஆண்டில் மின்தேவையின் பாதியளவைத் தரும் நீர்நிலைகள் வறண்ட ஆண்டில் கால்பங்கு அளவுக்கு இறங்கிவிடுகின்றன. அந்த நீருக்கு வேறு உரித்தாளர்களும் இருக்கிறார்கள். 2023 ஓகஸ்ட்டில் உடவளவைப் பகுதி விவசாயிகளின் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது, சமனலவெவ நீர்த்தேக்கத்தைத் திறந்தால் தென்பகுதியில் மின்வெட்டு வரும் என்று ஒரு பக்கமும், திறக்காவிட்டால் அறுவடை போய்விடும் என்று மறுபக்கமும் வாதிட்டன. கடைசியில் நீர் திறந்துவிடப்பட்டது. சோற்றையும் மின்விளக்கையும் ஒரே அணையிலிருந்து பெறும் நாடு நாம் என்பதை எந்தத் திட்டமும் மறக்கக் கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இலங்கையில் ஒவ்வொரு நெருக்கடிக்கும் கொடுத்த மருந்தே அடுத்த நெருக்கடிக்கு வித்திட்டிருக்கிறது. 1996 வறட்சிக்குப் பின்னர் விரைவாகக் கட்டக்கூடியவை என்பதால் டீசல், உலை எண்ணெய் மின்நிலையங்கள் வந்தன. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏற ஏற, அவற்றின் செலவு மின்சார சபையின் கணக்கேடுகளைச் சிவப்பாக்கியது. அந்தச் செலவைக் குறைக்கவே நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் வந்தது. உள்ளூர் எதிர்ப்பாலும் அரசியல் தயக்கத்தாலும் பல ஆண்டுகள் இழுபட்டு, 2011இல் முதல் அலகும் 2014அளவில் மூன்று அலகுகளும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவொட். மாலை உச்சத் தேவை ஏறத்தாழ 2,800 மெகாவொட்டாக இருக்கும் நாட்டில், ஒரே வளவில் உள்ள ஒரு நிலையம் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அது தடுமாறும்போதெல்லாம் நாடும் தடுமாறுகிறது. 2022இன் டொலர் நெருக்கடிக்கும், அதைத் தொடர்ந்த கட்டண உயர்வுக்கும் மக்கள் கண்ட மருந்து கூரைச் சூரியமின். அது நல்ல மருந்துதான், ஆனாலும் அதன் பக்கவிளைவை 2025 பெப்ரவரியில் தீவு முழுவதும் இருண்டபோது நாடு பார்த்தது. ஒவ்வொரு முறையும் கடந்துபோன ஆபத்துக்கு எதிராகவே திட்டம் போடப்பட்டிருக்கிறது. ஒரு மருந்தைத் தெரிவுசெய்யும் அதே கூட்டத்திலேயே, இது எந்தப் புதிய பலவீனத்தைக் கொண்டுவரும் என்ற கேள்வியை எழுப்பி, பதிலை எழுத்தில் பதிந்து, அதற்கான செலவையும் திட்டத்திலேயே சேர்த்திருந்தால் நம் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

இதை எப்படி அளவிடுவது? ஆபத்துகளை அவை செயற்படும் கால அளவைக் கொண்டு பிரிப்பதே எனக்குத் தெரிந்த பயனுள்ள முறை. சில ஆபத்துகள் விநாடிகளில் நிகழ்பவை, சில வாரங்களில் முற்றுபவை, சில ஆண்டுக்கணக்கில் ஊறுபவை. ஒன்றுக்கான காப்பு மற்றொன்றுக்கு உதவாது. தொண்ணூறு நாள் எண்ணெய்க் கையிருப்பால் ஐந்து விநாடியில் சரியும் மின்கட்டமைப்பைத் தாங்க முடியாது. மின்கலத் தொகுதியால் வறண்ட ஆண்டைக் கடக்க முடியாது.

வாரக்கணக்கில் முற்றும் ஆபத்துக்கு நுரைச்சோலையின் நிலக்கரிக் கொள்வனவு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பெரிய கப்பல் நேரே கரைக்கு வந்து அணையும் ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. நிலக்கரிக் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தட்டைப் படகுகளுக்கு மாற்றி இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறார்கள். தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் அந்தக் கடலில் இது முடியாது. எனவே ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான காலத்துக்குள், ஆண்டுக்குத் தேவையான 2 மில்லியன் தொன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி முழுவதும் வந்து இறங்கியாக வேண்டும். ஒரு கப்பலில் 60,000 தொன் என்றால் முப்பதுக்கும் அதிகமான கப்பல்கள். ஏலம் ஒரு மாதம் தாமதித்தாலோ, கடன்கடிதம் (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதி) திறக்க வங்கியில் டொலர் இல்லாமல் போனாலோ, அந்தத் தாமதத்தின் விளைவு அன்று தெரியாது. ஏப்ரலுக்குப் பிறகு, கடல் மூடிய பின்பே நிலக்கரி முற்றத்தில் தெரியும். அப்போது கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் கப்பலைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே இந்தச் சங்கிலியில் பார்க்க வேண்டிய எண், இன்றைக்கு எத்தனை நாள் கையிருப்பு இருக்கிறது என்பதைவிட, கடல் மூடும் நாளில் எத்தனை நாள் கையிருப்பு இருக்கும் என்பதே. பெப்ரவரியிலேயே அந்த எண்ணைக் கணிக்க முடியும். கணித்து வெளியிடுவதைச் சட்டக் கடமையாக்கினால் பாதி ஆபத்து குறையும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டுக்கணக்கில் ஊறும் ஆபத்துதான் 2022இல் வெடித்தது. 2014இல் குறைக்கப்பட்ட மின்கட்டணம் 2022 ஓகஸ்ட் வரை உயர்த்தப்படவில்லை. உயர்த்தப்பட்டபோது ஒரேயடியாக 75 சதவீதம், மறு ஆண்டு பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். உலகச் சந்தை விலைக்கேற்ப உள்நாட்டு விலையை மாற்றுவதற்காக 2018இல் கொண்டுவந்த எரிபொருள் விலைச் சூத்திரமும் நீடிக்கவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் டொலரில் வாங்கி ரூபாயில் விற்றது. விற்ற விலை செலவை ஈடுசெய்யாததால் இரண்டு அரச வங்கிகளிடம் 3 பில்லியன் டொலருக்கு மேல் கடன்பட்டது. 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. இந்த நிலையம் பெற்றோலும் டீசலும் மட்டும் தருவதில்லை. மின்நிலையங்கள் எரிக்கும் உலை எண்ணெயும் நப்தாவும் அங்கிருந்தே வருகின்றன. ஆகவே சுத்திகரிப்பு நிலையம் நின்றதும் மின்சாரம் ஆட்டம் கண்டது. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் முடிவில் 470 ரூபாய். பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சரே மே மாதத்தில் சொன்னார். இதில் எதுவும் ஒரே இரவில் வந்ததில்லை. செலவை ஈடுசெய்யாத விலை, அதனால் கடன், கடனால் வங்கிகளின் டொலர் வற்றுதல், அதனால் கப்பல் வராமை என்ற சங்கிலியின் முதற்கண்ணி பல ஆண்டுகளுக்கு முன்பே தேய்ந்திருந்தது. 2022இல் எரிபொருள் இறக்குமதிக்கு ஏறத்தாழ 4.9 பில்லியன் டொலர் செலவானது. பொருள் ஏற்றுமதி வருமானம் ஏறத்தாழ 13.1 பில்லியன். ஏற்றுமதி வருமானத்தில் எரிபொருளுக்குப் போகும் பங்கு என்ற இந்த விகிதத்தையே இலங்கைக்கு மிக முக்கியமான வலுசக்திப் பாதுகாப்புச் சுட்டியாக நான் வைப்பேன்.

விலை செலவை ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டண உயர்வுக்குப் பிறகு கட்டணம் செலுத்த முடியாமல் மின்துண்டிப்புக்கு ஆளான வீடுகள் பெருமளவில் கூடின. மின்கம்பம் வாசலில் நிற்க, வீட்டுக்குள் குப்பி விளக்கு எரிவதும் வலுசக்திப் பாதுகாப்பின்மைதான். எல்லோருக்கும் விலையைத் தாழ்த்தி வைக்கும் மானியத்தைவிட, தேவையான குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணத்தைச் சேர்ப்பது சிறந்தது என்பதில் பொருளியலாளரிடையே பரந்த உடன்பாடு உண்டு. யார் தேவையானவர் என்று இனங்காணும் பட்டியல் எவ்வளவு நேர்மையாகத் தயாரிக்கப்படும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது.

விநாடிகளின் ஆபத்துக்கு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி சான்று. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி தாண்டிய நேரம். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் தேவை மிகக் குறைவு. வானம் தெளிவாக இருந்ததால் சூரியமின் மிக அதிகம். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் தொடுகையுற, மின்னழுத்தம் சரிந்தது, சில விநாடிகளில் தீவு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஒரு குரங்கால் ஒரு உபமின்நிலையம் பழுதாகலாம், அது இயல்பு. அந்தப் பழுது நாடு முழுவதும் பரவியது ஏன் என்பதே பொறியியலாளர் கேட்க வேண்டிய கேள்வி. நீர், நிலக்கரி மின்நிலையங்களில் நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள சுழலிகள் சுழல்கின்றன. ஓரிடத்தில் திடீர்ப் பழுது வந்தால், அந்தச் சுழற்சியில் தேங்கியிருக்கும் ஆற்றல் மீடிறன் (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு) சரிவதை மெதுவாக்கி, மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டச் சில விநாடி அவகாசம் கொடுக்கிறது. கூரைகளில் உள்ள சூரியமின் தொகுதிகளுக்கு அந்தச் சடத்துவம் இல்லை. அவற்றில் பல, குழப்பம் கண்டவுடன் தம்மைத் துண்டித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. சுழலும் இயந்திரங்கள் குறைந்து சூரியமின் பாதியளவைத் தாங்கிய அந்த நேரத்தில் அவகாசம் கிடைக்கவில்லை. மாலையில் விளக்குகள் வந்தன, ஆனால் நுரைச்சோலை அலகுகளை உடனே மீட்க முடியாததால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேரச் சுழற்சி மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தட்டுப்பாட்டுக்கு அஞ்சியே பழகிய நாடு முதல் முறையாக மிகுதிக்கு அஞ்சிய தருணம் அது.

இவற்றை வைத்து உங்கள் மூன்று தெரிவுகளையும் பார்ப்போம். முதலில் திருகோணமலை. பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய அந்தத் தாங்கித் தொகுதியில் 99 தாங்கிகள் எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 61 இருவரும் பங்காளிகளான கூட்டு நிறுவனத்துக்கு. ஒரு தாங்கி ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் புதுப்பித்து நிரப்பினால் ஏறத்தாழ ஒரு மில்லியன் தொன். நாட்டின் வருடாந்த நுகர்வு 4 முதல் 5 மில்லியன் தொன் என்று கொண்டால் இது இரண்டரை, மூன்று மாதத் தேவை. காகிதத்தில் கவர்ச்சியான எண். ஒரு மில்லியன் தொன் என்பது 7.3 மில்லியன் பீப்பாய்; பீப்பாய் 80 டொலர் என்றால் 580 மில்லியன் டொலருக்கு மேல் பணம் தாங்கிகளுக்குள் முடங்கும்; எட்டு வீத வட்டி என்றால் ஆண்டுக்கு 46 மில்லியனுக்கு மேல். 2022 மே மாதத்தில் நாட்டிடம் இருந்த மொத்தப் பயன்படுத்தக்கூடிய கையிருப்புக்குக் கிட்டத்தட்ட சமமான தொகையை நாம் வருடந்தோறும் வட்டியாக மட்டும் கொடுப்போம். அதற்காகத் தாங்கிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியசாலை, குடிநீர், உணவுப் போக்குவரத்து, மீன்பிடி ஆகியவற்றுக்கான டீசலும் மண்ணெண்ணெயும் ஒரு மாதத்துக்கு எப்போதும் தனியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தவிர்க்க முடியாத முதற்படி. மீதித் தாங்கிகளை வெளிநாட்டு எண்ணெய் நிறுவனம் தன் சொந்தச் சரக்கால் நிரப்பட்டும். நெருக்கடி வேளையில் அதை முதலில் வாங்கும் உரிமை நமக்கு இருக்கட்டும். இந்தியா மங்களூரு நிலத்தடிக் கிடங்கின் ஒரு பகுதியை அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு ஏறத்தாழ இவ்வகையிலேயே கொடுத்திருக்கிறது. சரக்கின் மூலதனத்தை அவர்கள் சுமப்பார்கள். இடத்தின் மதிப்பை நாம் பயன்படுத்திக்கொள்வோம்.

சூரிய, காற்று மின்சக்தி பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: பகலில் அவை தரும் ஒவ்வோர் அலகும் எண்ணெய் எரிப்பதையோ அணை நீரைத் திறப்பதையோ குறைக்கிறது, ஏற்றுமதி வருமானத்தில் எரிபொருளின் பங்கு என்ற அந்தச் சுட்டியை நிலையாகக் கீழிறக்கும் வழிகளில் இதைவிட மலிவானது இன்று இல்லை. மன்னாரில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காற்று மின் உச்சத்தில் இருக்கும். நுரைச்சோலைக் கடல் மூடியிருக்கும் மாதங்களும் அவையே. இந்தப் பொருத்தம் நம் திட்டங்களில் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. ஆனால் 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்ற இலக்கை மெகாவொட் எண்ணிக்கையால் மட்டும் துரத்தினால் பெப்ரவரி 9 மறுபடியும் வரும். கட்டமைப்பைத் தாங்கும் வகையில் கட்டுப்படுத்தப்பட்ட மின்கலத் தொகுதிகள், எரிபொருள் எரிக்காமல் சடத்துவத்துக்காக மட்டும் சுழலும் இயந்திரங்கள், பழுதின்போது உடனே விலகாமல் தாக்குப்பிடிக்கும்படி கூரைத் தொகுதிகளின் அமைப்பை மாற்றுதல், மதிய மின்சாரத்தை மாலைக்கு மாற்றும் நீரேற்று மின்நிலையம் ஆகியவை சூரியமின்னுக்கு முன்போ அதனுடன் சேர்ந்தோ வர வேண்டியவை. மாவனல்லைப் பக்கம் மகா ஓயாவில் முன்மொழியப்பட்டுள்ள 600 மெகாவொட் நீரேற்றுத் திட்டம் கட்டி முடிய நீண்ட காலம் எடுக்கும் என்பதால், அது வரும்வரை மின்கலங்களை நிறுவாமல் காத்திருக்க நேரமில்லை. 2025இல் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பின் வரும் மின்வாகனங்கள் மதியத்தில் மின்னேற்றினால் உதவி, மாலை ஏழு மணிக்கு மின்னேற்றினால் சுமை. இதை முடிவுசெய்யப் போவது நேரத்துக்கேற்ற கட்டணம் மட்டுமே.

மன்னார்ப் படுகையின் எரிவாயு 2011இல் கண்டறியப்பட்டது. இன்றுவரை வர்த்தக உற்பத்தி இல்லை. அதைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுவது தவறு, கதவை அடைப்பதும் தவறு. திரவ இயற்கை எரிவாயு இறக்குமதியைப் பொறுத்தவரை, நம்முடைய சிறிய தேவைக்கு ஒரு மிதக்கும் முனையத்தின் நிலையான செலவு கட்டுப்படியாகுமா என்பது நேர்மையான பொறியியலாளரும் இரு பக்கம் நிற்கும் விடயம். இருபது ஆண்டு மின்தேவை முன்னறிவிப்புகளும் அவ்வாறே. 2022க்குப் பின் தேவை சுருங்கியதை அதற்கு முந்திய எந்தத் திட்டமும் எதிர்பார்க்கவில்லை. இத்தகைய இடங்களில் ஒரே எண்ணை நம்பிப் பெரிய நிலையம் ஒன்றைக் கட்டுவதைவிட, சிறிதாகக் கட்டி, தேவை தெரியத் தெரியக் கூட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

கடைசியாக மின்வடம். இந்தியாவுடன் இணைக்கும் உயர் அழுத்த நேர்மின் வடத்துக்கு 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. இந்த யோசனை அதற்குப் பல தசாப்தங்கள் மூத்தது. தனித்தீவாக இயங்கும் கட்டமைப்புக்கு அயலாரின் பெரிய கட்டமைப்பு தரக்கூடிய தாங்குசக்தி உண்மையானது. வறண்ட ஆண்டில் வாங்கலாம், காற்று மிகுந்த மாதங்களில் விற்கலாம். ஆனால் வடத்தின் வழி வரும் மின்சாரத்துக்கும் வெளிநாட்டு நாணயத்திலேயே பணம் கட்ட வேண்டும். பங்களாதேஷுக்கு விற்ற மின்சாரத்துக்கான நிலுவை பெருகியபோது, அதானி நிறுவனம் 2024 ஒக்டோபர் முடிவில் விநியோகத்தைப் பாதியாகக் குறைத்தது. 2022இல் வடம் இருந்திருந்தால் நாமும் அதே வாசலில் நின்றிருப்போம். இன்னொரு பக்கத்தில், பால்டிக் நாடுகள் ரஷ்யாவின் மின்கட்டமைப்பிலிருந்து விலகி ஐரோப்பியக் கட்டமைப்புடன் இணைந்தது 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, நம் நாடு இருண்ட அதே நாள். லித்துவேனியா தன் அணுமின் நிலையத்தை 2009இல் மூடியபின், 2014இல் மிதக்கும் எரிவாயு முனையம், அதையடுத்து சுவீடனுக்கும் போலந்துக்கும் வடங்கள் என்று பல அரசாங்கங்கள் மாறியும் அதே திட்டத்தைக் கைவிடாமல் நகர்த்தியது. ஒரு வழிக்குப் பதில் இன்னொரு ஒரே வழியை ஏற்காமல், எந்த ஒன்றை இழந்தாலும் மற்றவை தாங்கும் வரை காத்திருந்தே பழைய இணைப்பை வெட்டினார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சிறிய சூரிய, காற்று மின்திட்டமே 2021இல் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, பின் நிறுத்தப்பட்டு, இந்திய நன்கொடைக்கு மாறியதை எண்ணிப் பார்த்தால், அயலவர் அரசியல் நம் வலுசக்தித் திட்டத்தில் எவ்வளவு உள்ளே வரும் என்பது புரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வரிசைப்படி பதில்: செலவை ஈடுசெய்யும் விலையும் ஏழைக் குடும்பங்களுக்கான நேரடி உதவியும் அத்தியாவசிய எரிபொருள் ஒதுக்கமும் உடனடியாக; கட்டமைப்பைத் தாங்கும் மின்கலங்களும் அவற்றோடு சூரிய, காற்று மின்னும் அடுத்த சில ஆண்டுகளில்; மற்றவர் மூலதனத்தில் திருகோணமலை அதற்கு இணையாக. மின்வடத்துக்கான இறுதி உடன்படிக்கையை இப்போதே பேசலாம். ஆனால் எந்தவொரு நேரத்திலும் தேவையில் எத்தனை வீதத்துக்கு மேல் அதில் தங்கியிருப்பதில்லை என்ற உச்சவரம்பும், நிலுவை வந்தால் எத்தனை நாள் அவகாசம் என்ற விதியும், இரு திசையிலும் விற்பனைக்கான விலைச் சூத்திரமும் அந்த ஆவணத்தில் எழுதப்படும் வரை கையெழுத்திடக் கூடாது.